வெப்பப் பகிர்மானமா, வெப்பம் பாய்ச்சலா?

> ஒரே அறையில் ஹீட்டர் ஓடுகிறது. அந்தச் சூட்டை மற்ற அறைகளுக்கும் கொண்டுபோவதை 'வெப்பப் பகிர்மானம்' எனலாம். மின்சாரத்துக்கும் பகிர்மானம் என்றுதானே சொல்கிறோம்?

ஐயா, வணக்கம்.

பகிர்மானம் என்றதும் எனக்கு மின்கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும்தான் கண்ணில் நிற்கின்றன. இந்தச் சொல்தேடலில் இதற்கு முன்பு வந்த 'வெப்பப் பரவல்' என்பதும் சரிப்படாது. பரவுவது தானாக நடப்பது. நமக்கு வேண்டியது நாம் செய்கிற வேலைக்குச் சொல். 'வெப்பச்சலனம்' பாடநூலில் இருக்கிறதுதான், ஆனால் அதைக் கேட்டதும் குடையைத் தேடுகிற அளவுக்கு மழை அறிவிப்புக்காரர்கள் பழக்கிவிட்டார்கள்.

நான் இருப்பது கேரளத்தில், மூணாறு பக்கம் தேவிகுளத்தில். ஜனவரி விடியலில் புல்லெல்லாம் உறைபனி. முன்னறையில் 2,000 வாட் ஹீட்டர், மணிக்கு 2 யூனிட். இன்னொன்று வாங்கினால் பில் கட்டி மாளாது. போன வாரம் இடைக்கதவைத் திறந்துவைத்து, வாசலில் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன். தலைக்கு மேலே பிடித்தால் புகை படுக்கையறைப் பக்கம் சாய்கிறது. தரையோரம் பிடித்தால் முன்னறைப் பக்கம். நடுவில் ஓரிடத்தில் எங்கும் போகாமல் நேரே நிற்கிறது. சூடான காற்று மேலே போக, கனத்த குளிர்காற்று கீழே திரும்பி வருகிறது.

பிறகு மேஜை விசிறி. முதலில் ஹீட்டர் அறையில் வைத்துப் படுக்கையறையை நோக்கித் திருப்பினேன்; பெரிய பலனில்லை. படுக்கையறைத் தரையில் வைத்து முன்னறையை நோக்கி ஓடவிட்டேன், அரை மணியில் கம்பளியைத் தள்ளிவிட்டுப் படுக்க முடிந்தது. தரையில் கிடக்கும் குளிரை வெளியே தள்ளினால், அந்த இடத்துக்குச் சூடு மேல்வழியாக வந்து சேர்கிறது. 50 வாட் விசிறி போதும்.

தோட்ட வேலைக்கு மலையேறுவதற்கு முன் எங்கள் தாத்தா அம்பாசமுத்திரம் பக்கம் நெல் பயிரிட்டவர். வயலுக்குப் பாய்ச்சினால் மட்டும் போதுமா, வடிக்கவும் வேண்டாமா? ஆகவே, செயலுக்கு 'வெப்பம் பாய்ச்சல்'. கதவுக்கு மேலே சுவரில் விடுகிற திறப்பு 'வெப்பமடை'. கதவுக்கு அடியில் விடுகிற இடைவெளி 'குளிர்வடிகால்'. கடைசி அறையைக் 'கடைமடை' என்று என் மனைவி ஏற்கெனவே திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள், புதிதாக ஆக்க வேண்டாம்.

> பாய்ச்சல் என்றால் புலிப் பாய்ச்சல் நினைவுக்கு வராதா? மேலும், நீர் பள்ளத்துக்கு ஓடும், சூடு மேலே ஏறும். உவமை தலைகீழ் அல்லவா, தம்பி?

ஐயா, 'தண்ணீர் பாய்ச்சல்' என்கிறபோது யாரும் புலிக்குப் பயந்து ஓடுவதில்லையே. இரண்டாவது கேள்விதான் உறைக்கிறது. பள்ளம் பார்த்து ஓடுவது இங்கே குளிர், நீர்க்குணம் அதற்குத்தான். அதனால் வடிகாலில் எனக்குச் சந்தேகமே இல்லை. மடையைத்தான் விட மனமில்லை. பக்கத்து வீட்டுச் சேட்டனிடம் சொன்னேன், பதறிவிட்டார். குட்டநாட்டில் வயலின் வரம்பு உடைந்து வெள்ளம் புகுவதை 'மடவீழ்ச்ச' என்பார்கள், அவர் அந்த ஊர்க்காரர்.

இங்கே ஆசாரிகள் எல்லாத் திறப்பையும் 'வெண்டிலேட்டர்' என்பார்கள், வெளிக்காற்றுக்கு விடுவதற்கும் அதே பேர்தான். நேற்று எங்கள் ஆசாரியிடம் துண்டுக் காகிதத்தில் 'வெப்பமடை, ஒரு அடிக்கு அரை அடி, மரச்சட்டம்' என்று எழுதிக் கொடுத்தேன். கதவுக்கு மேலேதானே என்று மட்டும் கேட்டார்.