கீத் ரிச்சர்ட்ஸின் ஓப்பன் ஜி: ஆறாவது கம்பி இல்லாமல் வாசிப்பது ஏன்?

ராகமாலை:
'ஸ்டார்ட் மீ அப்' பாட்டை கிடார்ல ஓப்பன் ஜி ட்யூனிங்ல (விரல் வைக்காம மீட்டினாலே ஜி கார்டு வர்ற ட்யூனிங்), ஆறு கம்பியோட வாசிக்கிறேன். கார்டு அடியில குழம்பலா கேக்குது. ரோலிங் ஸ்டோன்ஸ் கிடாரிஸ்ட் கீத் அஞ்சு கம்பியில வாசிக்கிறதுதான் காரணமா? அந்த பேண்ட் ஆரம்பிச்ச 1962லேருந்தே இந்த ட்யூனிங்தானா?

தந்தி_55:
அந்த ஆறாவது கம்பிதான் காரணம். இந்த ட்யூனிங்ல அது டி. ஜி கார்டுக்கு அடியில டி ஒலிச்சா கார்டுக்குக் கால் ஊன்றாது. கழற்றிடுங்க, அஞ்சாவது கம்பியோட ஜி அடி ஸ்வரமாயிடும்.

அஞ்சாவதை ஏ-லேருந்து ஜி-க்கும், முதல் கம்பியை ஈ-லேருந்து டி-க்கும் இறக்குங்க. நடுவுல இருக்கிற டி, ஜி, பி மூணையும் தொட வேண்டாம்.

இப்போ 5-வது ஃப்ரெட்ல ஆள்காட்டி விரலைப் படுக்க வச்சா ஸி. அதை எடுக்காம நடுவிரலை 2-வது கம்பி 6-வது ஃப்ரெட்லயும், மோதிர விரலை 4-வது கம்பி 7-வது ஃப்ரெட்லயும் வைங்க. எஃப் வந்துடும், அடியில ஸி அப்படியே நிக்கும். ரெண்டு விரலும் ஒரே நேரத்துல விழணும், ஒரே நேரத்துல எழணும். அவரோட பாதி ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வர்ற கிடார் துணுக்குகள்) இந்த அசைவுதான்!

பழைய_ரெக்கார்டு:
1962லேருந்து இல்ல. 1965 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' சாதாரண ட்யூனிங்தான். அறுபதுகளோட கடைசியில, அமெரிக்க கிடாரிஸ்ட் ரை கூடர் வாசிக்கிறதைப் பார்த்து ஓப்பன் ஜி-யைப் பிடிச்சார். 1969ல 'ஹாங்கி டாங்க் விமன்', 1972ல 'டம்பிளிங் டைஸ்' (4-வது ஃப்ரெட்ல கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் அழுத்துற கிளிப்; அதனால ஜி-க்குப் பதிலா பி), 1981ல நீங்க கேட்ட பாட்டு. இருபத்தஞ்சு வயசு வாக்குல பிடிச்ச ஒரு ட்யூனிங், அரை நூற்றாண்டுக்கு மேல அவரைத் தாங்குது. எனக்கு அது பெரிய அதிசயம்.

சுருதிப்பெட்டி:
இறக்கின கம்பி தளர்றதால அஞ்சாவது அதிரும், அழுத்திப் பிடிச்சா சுருதி ஏறும். அதனால முதல் கம்பி 11 கேஜ் (0.011 அங்குலம்) இருக்கிற தடிமனான செட் போடுங்க.

மிதக்கிற பிரிட்ஜ் (கம்பிகளோட இழுவையும் ஸ்பிரிங்கும் சமநிலையில தாங்குற பிரிட்ஜ்) இருந்தா கவனம்: ஒரு கம்பியைக் கழற்றினதும் ஸ்பிரிங் பிரிட்ஜை உள்ளே இழுக்கும், மத்த எல்லாக் கம்பியும் ஏறிடும். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்திட்டு மறுபடி ட்யூன் பண்ணுங்க. டெலிகாஸ்டர் மாதிரி நிலையான பிரிட்ஜ்ல இந்தத் தொல்லை இல்ல.

இன்னொண்ணு: பி கம்பி ட்யூனர்ல சரியா இருந்தாலும் திறந்த கார்டுல உறுத்தலா கேக்கும். சுத்தமான கார்டுக்கு அது சுமார் 14 செண்ட் (ஒரு ஃப்ரெட் இடைவெளி 100 செண்ட்) இறங்கணும். முழுசா இறக்கினா எஃப் வடிவத்துல அதே கம்பிதான் மூல ஸ்வரம், அங்கே பிசகும். 5 செண்டோட நிறுத்துங்க.