மறு: ஸ்டெபைலோகாக்கஸ்: கொத்தா, குலையா?

அண்ணாச்சிக்கும் குழுவினர்க்கும் வணக்கம். சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டெபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்பது பற்றி அண்ணாச்சி எழுதியது:

> 'கொத்துக்கோளம்' என்று வைத்துக்கொள்வோம். கொத்தாக இருக்கிறது, உருண்டையாகவும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

வேண்டியது இருக்கிறது, அண்ணாச்சி. கொத்து என்றதும் எனக்குச் சாவிக்கொத்துதான் நினைவுக்கு வருகிறது. அபர்தீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, 1882இல் சூட்டிய பெயர் இது. கிரேக்கத்தில் 'ஸ்டெபைல்' என்பது திராட்சைக் குலை. 'காக்கஸ்' என்பது மணி. நம் பக்கத்துப் பெரியவர்கள் திராட்சையைக் கொடிமுந்திரி என்பார்கள். சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்த தமிழறிஞர் பாவாணர், அவரை துவரைக்குக் கொத்து, வாழைக்குத் தாறு, கொடிமுந்திரிக்குக் குலை என்று பிரித்தே எழுதியிருக்கிறார். நம்மூர்க்காரர் தீர்த்துவைத்த வழக்கை நாம் ஏன் மறுபடியும் கிளற வேண்டும்?

கோளமும் எனக்கு ஒப்பவில்லை. பூமியையும் கோளம் என்கிறோம். ஒரு மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள உயிருக்கு நெல்மணியில் வரும் மணியே பொருந்தும். ஆகவே 'குலைமணி' என்கிறேன். சரமாகக் கோத்தாற்போல் நிற்கும் இன்னொரு கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் 'சரமணி' என்றுவிடலாம். 1884இல் ஜெர்மன் மருத்துவர் ரோசன்பாக் பொன்னிறமாக வளர்வதைத் தனியே பிரித்து ஆரியஸ் என்றார், அது 'பொற்குலைமணி'.

குலை என்றால் ஈரக்குலை என்று நினைப்பார்களே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நினைக்கட்டும். இரத்தத்தில் ஏறிவிட்டால் இது இதய வால்வையே அரித்துவிடும். ஈரக்குலை நடுங்க வேண்டிய கிருமிதான்.

நோய்களுக்குப் புதுச்சொல் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. கண்கட்டி, நகச்சுற்று, ராஜபிளவை எல்லாம் பெரும்பாலும் இதன் கைவரிசைதான். பெயர்கள் நம் பாட்டிமார் வாயிலேயே இருக்கின்றன. நகச்சுற்றுக்கு விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு திரியாதவர் நம் ஊரில் யார்?

ஒரே இடத்தில் மட்டும் கவனம் தேவை. பட்டியலில் 'குலைமணி உணவுத் தொற்று' என்று கண்டேன். அது தொற்று அன்று. பத்தில் மூன்று பேர் மூக்கில் இந்தக் கிருமி சும்மா குடியிருக்கிறது. மூக்கைத் தொட்ட கையால் ஒருவர் பரிமாறி, மிஞ்சிய சொதி வெக்கையில் மணிக்கணக்காகக் கிடந்தால், கிருமி அதிலேயே பெருகி நஞ்சைக் கக்கிவிடும். மறுபடி கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நஞ்சு அழியாது. உண்ட சில மணி நேரத்தில் வாந்தி. ஆகவே 'உணவு நஞ்சேற்றம்' என்று திருத்துங்கள்.

எனக்குப் பிடிபடாதது ஒன்றுதான். இந்தக் கிருமியைக் கொல்லும் மெத்திசிலின் என்ற மருந்து 1959இல் வந்தது. 1961இலேயே அதற்கு அடங்காத வகை பிரிட்டனில் தென்பட்டது. 'மெத்திசிலினுக்கு மசியாப் பொற்குலைமணி' என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரி, ஆனால் எந்த மருத்துவரும் சீட்டில் இவ்வளவு நீளம் எழுதமாட்டார். 'மசியாமணி' என்று சுருக்கலாமா? தென்காசிப் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து,
உங்கள் தம்பி