வித்திப்படிவு: காளான் தூளின் தடத்துக்கு ஒரு சொல்

வணக்கம் ஐயா,

காளான் குடையைத் தாளில் கவிழ்த்து எடுக்கும் தூள் தடத்துக்கு (ஆங்கிலத்தில் 'ஸ்போர் பிரிண்ட்'; காளான் இனம் பெருக்கும் நுண்தூள்தான் ஸ்போர்) நீங்கள் 'வித்து அச்சு' என்றீர்கள். இன்னொரு நண்பர் 'சிதல் பதிவு' என்றார். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. 'வித்திப்படிவு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

இந்தச் சொல் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் வேண்டியதல்ல. செட்டிநாட்டுப் பக்கம் ஐப்பசி மழை நாலு நாள் பிடித்தால் கண்மாய்க் கரையிலும் தைலமரக் காட்டோரத்திலும் காளான் கிளம்பிவிடும். சனங்கள் தேடிப் போவது புற்றுக்காளானை. போன வாரம் கானாடுகாத்தானுக்கு வெளியே காட்டோரப் புல்லில் நின்றது வேறு ஆள். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில், தண்டில் விரலால் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். புற்றுக்காளானுக்குக் கறையான் கூடு வரை இறங்கும் வால் இருக்கும். இதற்கு அது இல்லை. ஆனாலும் குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள், அதாவது செவுள், வெள்ளையாக இருந்ததால் கறிக்கு ஆகும் என்றே பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

தண்டை நறுக்கிவிட்டு, பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் குடையைக் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி வைத்தேன். வெண்தூள் வெள்ளைத் தாளில் தெரியாது, அதற்குத்தான் கறுப்பு. காலையில் எடுத்தால், நடுவிலிருந்து ஓரம் வரை நெருக்கமான கோடுகள், மங்கிய பச்சையில். குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளான்! முற்றிய பிறகுதான் இதன் செவுள் பச்சையாகும். தின்றால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். புற்றுக்காளானின் தூளோ வெளிறிய இளஞ்சிவப்பு.

இனிச் சொல்லுக்கு வருவோம். வித்து என்றால் உள்ளே கருவும் அதற்கு உணவும் இருக்கும். இந்தத் தூளில் அதெல்லாம் கிடையாது. இலங்கைப் பாடநூல்களில் 'வித்தி' என்று ஏற்கெனவே வழங்குகிறது. நம் பாடநூல்களின் 'ஸ்போர்' என்பதைவிட அது கூட்டுச் சொல்லுக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். 'சிதல்' பழஞ்சொல்தான், ஆனால் அது கறையானுக்கு உரியது. சிறுபாணாற்றுப்படையில் பழஞ்சுவரைச் சிதல் அரித்த புழுதியில்தான் காளாம்பி, அதாவது காளான், பூக்கிறது. கறையான் புற்றில் முளைக்கும் காளானைப் பேசும் இடத்தில் இதே சொல்லைத் தூளுக்கும் வைத்தால் படிப்பவர் திண்டாடிப்போவார்.

அச்சு என்றால் அழுத்த வேண்டும். இங்கே யாரும் எதையும் அழுத்துவதில்லை. கண்மாயில் வண்டல் படிகிற மாதிரி தூள் தானாக இறங்கிப் படிகிறது. அதனால் படிவு. அப்புறம், வெண்படிவு, பச்சைப்படிவு, கரும்படிவு என்று நிறத்தோடு சேர்த்துச் சொல்லவும் வருகிறது. 'படிவம்' என்று மட்டும் வேண்டாம், விண்ணப்பம் நினைவுக்கு வரும்.

சரி, விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். வித்திப்படிவு இனத்தை அடையாளம் காண உதவுமே தவிர, தின்னலாம் என்பதற்குச் சான்று ஆகாது. அமானிட்டா என்ற காளான் பேரினத்தில் ஆளைக் கொல்லும் வகைகளுக்கும் வெண்படிவுதான்.

மீனுக்குரிய 'செவுள்' என்பதையே காளானுக்கும் வைத்துக்கொள்ளலாமா என்பதை அடுத்து எடுத்துக்கொள்வோம். அதற்கு உங்கள் பக்கம் வழக்குச் சொல் இருந்தால் எழுதுங்கள்.