குளோஸ் ஏர் சப்போர்ட்: ‘நெருங்கிய’ வேண்டாம், ‘முனை’ இருக்கிறது

நண்பர்களுக்கு வணக்கம். போர்க் கலைச்சொற்களுக்கான நம் அகராதியில் ‘குளோஸ் ஏர் சப்போர்ட்’டுக்கு, அதாவது நம் தரைப்படைக்கு மிக அருகில் நிற்கும் எதிரியை விமானத்திலிருந்து தாக்குவதற்கு, என்ன தமிழ்ச்சொல் என்ற இழை இரண்டு நாளாக நீண்டுவிட்டது. விட்டுப்போன மடல்களுக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன்.

> ‘நெருங்கிய வான் ஆதரவு’ என்று போட்டுவிடலாமே. சொல்லுக்குச் சொல் சரியாக வருகிறது.

சொல் வருகிறது, பொருள் வரவில்லை ஐயா. நெருங்கிய நண்பர், நெருங்கிய உறவு என்று கேட்டுப் பழகிய காதுக்கு, விமானப்படையும் தரைப்படையும் ரொம்ப வேண்டியவர்கள் என்றுதான் படும். இன்னொரு நண்பர் விமானம் தரையை நெருங்கிப் பறப்பதாக எடுத்துக்கொண்டு ‘தாழ்பறப்பு ஆதரவு’ என்று எழுதியிருந்தார். அதுவும் இல்லை. 20,000 அடி உயரத்திலிருந்து குண்டு போட்டாலும் இதே பெயர்தான். நெருக்கம் என்பது எதிரிக்கும் நம் சிப்பாய்க்கும் இடையில் உள்ளது. குண்டு கொஞ்சம் தள்ளி விழுந்தால் சாவது நம் ஆள். அதனால்தான் ஒவ்வொரு தாக்குதலையும் தரைப்படையின் சூட்டோடும் நகர்வோடும் பொருத்தி, பேசிப் பேசி நடத்துகிறார்கள். எதிரியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பாலத்தை உடைத்தாலும் தரைப்படைக்கு உதவிதான். ஆனால் அதற்கு வேறு பெயர்.

> ஆர்மி கோ-ஆபரேஷன் என்பதும் இதுவும் ஒன்றுதானே? அது பழைய பெயர், இது புதுப் பெயர்.

இல்லை என்று சொல்ல ஒரு படையணியின் கதையைப் பார்த்தாலே போதும். இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில் தொடங்கியது. கையில் இருந்தவை நான்கு வாப்பிட்டி இரட்டைச்சிறகு விமானங்கள். ஆட்கள் என்று பார்த்தால் ஆறு அதிகாரிகளும் 19 ‘ஹவாய் சிப்பாய்’களும். (ஹவாய் சிப்பாய், அதாவது காற்றுச் சிப்பாய். இந்தக் குழுவில் யாராவது அப்படி ஒன்றை முன்மொழிந்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்போம். ஆனால் அது பாட்டுக்குப் புழங்கியது.)

அந்த ஸ்குவாட்ரனின் பெயரோடேயே ‘ஆர்மி கோ-ஆபரேஷன்’ ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட அணிகளுக்கு என்ன வேலை? மேலிருந்து பார்ப்பது, படம் எடுப்பது, பீரங்கிக் குண்டு எங்கே விழுந்தது என்று சொல்வது. இரண்டு கழிகளுக்கு நடுவே கயிறு கட்டி அதில் செய்தியை மாட்டிவைப்பார்கள், விமானம் தாழ வந்து கொக்கியால் அள்ளிக்கொண்டு போகும். தரையில் துணிப் பட்டைகளை விரித்தும் மேலே இருப்பவருக்குச் சைகை சொல்வார்கள். 1937-இல் வடக்கு வசிரிஸ்தானின் மிரான்ஷாவிலிருந்து இந்த வாப்பிட்டிகள் முதன்முதலாகக் களம் கண்டன. குண்டும் போட்டார்கள்தான். ஆனாலும் அந்தப் பெயர் குறித்தது முதலில் கண்ணை, அப்புறம்தான் கையை.

1942-இல் அதே ஸ்குவாட்ரன் கருண் கிருஷ்ண மஜும்தார் தலைமையில் பர்மாவின் டவுங்கூவுக்குப் போனது. இப்போது லைசாண்டர் விமானங்கள். அவையும் ஒத்துழைப்பு வேலைக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றில் 250 பவுண்டு குண்டுகளை மாட்டிக்கொண்டு, எல்லை தாண்டி தாய்லாந்தின் மே ஹொங் சோனில் இருந்த ஜப்பானிய விமானத்தளத்தைத் தாக்கினார்கள். வீரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நம் அகராதிக்கு அது ஒத்துழைப்பும் இல்லை, குளோஸ் சப்போர்ட்டும் இல்லை. பக்கத்தில் நம் படை எதுவும் இல்லையே. 1944-இல் அர்ஜன் சிங் தலைமையில் ஹரிக்கேன் விமானங்களோடு இம்பாலில் இருந்தபோதுதான் உளவுப் பறப்பும், தரைப்படைக்காக ஜப்பானிய நிலைகள் மீது தாக்குதலும் ஒரே அணியின் அன்றாட வேலையாகின்றன. ஒரே ஸ்குவாட்ரன், பத்துப் பதினொரு ஆண்டுக்குள் மூன்று விதமான வேலை. ஆகவே ஆர்மி கோ-ஆபரேஷனுக்குத் ‘தரைப்படை ஒத்துழைப்பு’ என்பதை அப்படியே விட்டுவிடுவோம். மற்றதற்குத் தனிச்சொல் வேண்டும்.

> ‘அணுக்க வான்துணை’ எப்படி? அணுக்கத் தொண்டர் என்ற பழைய வழக்கு இருக்கிறது.

அழகான சொல். ஆனால் போர்ச் செய்தியில் ‘அணுக்க’ என்று அச்சடித்தால் பாதிப் பேர் அணுகுண்டு என்று படிப்பார்கள். அந்த அபாயம் நமக்கு வேண்டாம்.

ஈழத்து நண்பர் நினைவூட்டிய ‘சூட்டாதரவு’ ஏற்கெனவே புழங்கிப் பழுத்த சொல். பீரங்கி, மோர்ட்டார் (குறும்பீரங்கி) எல்லாவற்றுக்கும் பொருந்துவதால் அதை ஃபயர் சப்போர்ட்டுக்கே (படைக்குத் துணையாகச் சுடுவது) வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

என் முன்மொழிவு ‘முனை’. போர்முனை என்று இன்றும் நாளிதழில் எழுதுகிறோம், சங்கப் பாட்டிலும் முனை போர்க்களம்தான். இரு தரப்பும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் என்பது அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகிறது. முதலில் ‘முனை வான்துணை’ என்றுதான் நினைத்தேன். அப்புறம் இம்பால் இடித்தது. முற்றுகைக் காலத்தில் அங்கே இருந்த படைக்கு உணவும் வெடிமருந்தும் சரக்கு விமானங்களில்தான் போயின. அதுவும் முனைக்கு வானிலிருந்து வந்த துணைதானே? ஆகவே தாக்குதலைச் சொல்லிவிட வேண்டும்: முனைத்துணை வான்தாக்குதல். கொஞ்சம் நீளம், ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். ‘1971 டிசம்பர் 5 காலை ஜெய்சல்மேரிலிருந்து கிளம்பிய ஹண்டர் விமானங்கள் லோங்கேவாலாவில் முனைத்துணை வான்தாக்குதல் நடத்தின.’ உறுத்தவில்லை. லோங்கேவாலா ராஜஸ்தான் எல்லைக் காவல்நிலை, பாகிஸ்தான் டாங்கிகள் இரவில் வந்து தாக்கிய இடம். ஹண்டர்களுக்கு இருட்டில் தாக்கும் வசதி இல்லாததால் பஞ்சாப் ரெஜிமெண்டின் ஒரு கம்பெனி விடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது.

> ஃபார்வர்ட் ஏர் கண்ட்ரோலர் – ‘தரை வழிகாட்டி’

முனையில் இருந்துகொண்டு, தாக்க வரும் விமானங்களுக்கு இலக்கைக் காட்டிக்கொடுப்பவர் இவர். அதே லோங்கேவாலா இதற்கும் பதில் சொல்கிறது. அன்று ஹண்டர்களுக்கு இலக்கு காட்டியவர்களில் கிருஷக் என்ற சிறு விமானத்தில் சுற்றிக்கொண்டிருந்த தரைப்படை அதிகாரி ஒருவரும் உண்டு. ஆக, ‘தரை’ கூடாது. ‘வழிகாட்டி’யும் எனக்கு உவப்பில்லை, சுற்றுலா நினைவுதான் வருகிறது. இந்த வேலைக்கு விமானியையே அமர்த்துவதும் உண்டு, காரணமாகத்தான். தரையில் நிற்பவருக்குப் பளிச்சென்று தெரியும் ஒற்றைப் பாறை, வேகமாக வருபவருக்கு நூறு பாறைகளில் ஒன்று. ஆகவே முதலில் ஆறு, அப்புறம் ஆற்றின் வளைவு, வளைவில் பாலம், பாலத்துக்கு வடக்கே மரம் என்று பெரிதிலிருந்து சிறிதுக்குப் பேச்சாலேயே இறக்கிக் கொண்டுவர வேண்டும். தாக்கலாம், வேண்டாம் என்று சொல்வதும் அவர்தான். ‘முனை வான்நெறியாளர்’ என்கிறேன். தொலைக்காட்சி விவாத நெறியாளர் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பாம்ப் லைன் இன்னும் பாக்கி. அந்தக் கோட்டுக்கு அப்பால் என்றால் தரைப்படையைக் கேட்காமலே குண்டு போடலாம். ‘குண்டெல்லை’ என்று எழுதிவைத்திருக்கிறேன், குண்டு அதற்கு மேல் போகாது என்று தலைகீழாகப் புரிந்துகொள்வார்களோ என்று சந்தேகம். வேறு ஏதாவது தோன்றினால் தனி இழையில் போடுங்கள், இது ஏற்கெனவே நீண்டுவிட்டது.