மறு: எஞ்சின் பிரேக்கிங் – 'கியர்ப்பிடி' எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

பிரேக்கைத் தொடாமல், கியரில் இருந்தபடி எஞ்சினாலேயே வண்டியின் வேகத்தைக் குறைப்பதுதான் எஞ்சின் பிரேக்கிங். அதற்குத் தமிழ்ச்சொல்லாக இங்கே வந்த 'பொறித்தடை', 'இயந்திர வேகத்தடை' இரண்டையும் வாசித்தேன். மனம் ஒப்பவில்லை. எங்கள் பாடநூல்களில் நெம்பும் கப்பியும்கூட 'எளிய பொறிகள்'தான். இலங்கை மாணவருக்குப் பொறி என்றதும் எஞ்சின் நினைவுக்கு வராது. பெற்றோல் எஞ்சினுக்குள் தீப்பொறி வேறு இருக்கிறது. வேகத்தடை என்றால் வீதியில் போட்ட மேடு.

சரி, முதலில் நடப்பதைப் பார்ப்போம். ஹிமாலயன் 411 போன்ற ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளில் றம்பொடை மலைவீதி வளைவுகளில் இறங்குகிறீர்கள். திராட்டிலை (வேகம் கூட்டும் கைப்பிடியை) மூடியதும் எஞ்சினுக்குக் காற்று வரும் வழி பெரும்பாலும் அடைபடுகிறது. ஆனால் சில்லு சுற்றுவதால் பிஸ்டன் நிற்க முடியாது. காற்றுப் போதாத சிலிண்டரில் அது உறிஞ்சித் திணறுகிறது. அந்தத் திணறலுக்கான வேலையைச் சில்லுதான் செய்தாக வேண்டும். வேகம் குறைவது பெரும்பாலும் இதனால்தான். பிஸ்டன் காற்றை அமுக்குவதால் என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் அமுக்கிய காற்று வில்லைப் போலத் திருப்பித் தள்ளி, வாங்கியதில் பெரும்பங்கைக் கொடுத்துவிடும்.

411 சீசீயும் ஒரே பிஸ்டனில் இருப்பதால், கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்றுச் சுற்ற ஒரு தடவைதான் உறிஞ்சல். எனவே இழுத்துப் பிடிப்பதும் விட்டு விட்டு வரும். மழையில் சட்டென்று இரண்டாம் கியருக்கு இறக்கினால் பின்சில்லு துள்ளி வழுக்கும். 2023இல் வந்த ஹிமாலயன் 450இல் உள்ள ஸ்லிப்பர் கிளட்ச் அந்த நேரம் கொஞ்சம் நழுவிக்கொடுக்கும். அதை 'நழுவு கிளட்ச்' என்றே சொல்லிவிடலாம். அதில் எனக்குத் தயக்கமில்லை.

'எஞ்சின் பிடிப்பு' என்றுதான் முதலில் எழுதி வைத்திருந்தேன். கராஜில் கேட்டதும் கைவிட்டேன். எஞ்சின் பிடித்துவிட்டது என்றால் அங்கே பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் தோட்டத்து லொறி ஓட்டிய என் மாமா சொல்வது ஞாபகம் வந்தது: "ஏறின கியரிலேயே பிடிச்சு இறங்கணும் தம்பி." சொல் அங்கேயே இருக்கிறது: கியர்ப்பிடி.

தடுப்பது எஞ்சின், கியர் அல்லவே என்று கேட்பீர்கள். கை பிரேக்கில் கையா வண்டியை நிறுத்துகிறது? ஓட்டுபவர் எதை இயக்குகிறாரோ அதை வைத்துப் பெயரிடுவது நமக்குப் பழக்கமானதுதான். கியர் குறையக் குறையப் பிடி கூடும் என்பதும் பெயரிலேயே தெரிகிறது. 'இறக்கப்பிடி' என்றும் சொல்லலாம், அழகான சொல்தான், ஆனால் சமதரையிலும் இது நடக்கிறதே.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வரக் காரணம் உண்டு. எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கும் பொடியன்கள் பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். பிரேக் சூடேறி வாசம் வரும், பிறகு பிடிக்காது. ஒருமுறை எனக்கே முன் பிரேக் அப்படிக் கைவிட்டது. மண்மேட்டில் ஏற்றித்தான் நின்றேன். பெற்றோலை ஊசியால் பீச்சும் (fuel injection) வண்டியில் கியரோடு திராட்டிலை மூடி இறங்கினால், வேகம் போதிய அளவு இருக்கும்வரை பெற்றோல் ஊசியே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்கப் பெற்றோல் செலவாகும். "கியர்ப்பிடியில் இறங்கு" என்று ஒரு வரியில் சொல்லிவிட ஆசை.

'தேர்ப்பாகன்' போல இங்கும் ப் மிகும் என்று நினைக்கிறேன். இலக்கணம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

ஹற்றனிலிருந்து,
அன்புடன்