ஹூஸ்டனிலிருந்து போல்டருக்கு: மலையடிவாரத்தில் வேலை, குடியிருப்பது எங்கே?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். லேசர்களையும் அணுக் கடிகாரங்களையும் இயக்கும் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுவது என் தொழில். கொலராடோ மாநிலம் போல்டரில் உள்ள ஒரு சிறிய நிறுவனம் வேலைக்கு அழைத்திருக்கிறது. மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

என் துறையில் இருப்பவர்களுக்கு அந்த ஊரின் பெயரே வேறு மாதிரி ஒலிக்கும். அமெரிக்காவின் தேசிய அளவீட்டு ஆய்வகத்தின் கடிகாரங்கள் அங்கேதான் இருக்கின்றன. அணுக்கள் கடுங்குளிரில் ஒன்றுபோல் இயங்கும் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளை 1995இல் இயற்பியலாளர்கள் கார்னெலும் வீமனும் முதன்முதலில் உண்டாக்கியது அங்கே. 2001இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. தனி அயனிகளைப் பிடித்துவைத்து ஆராய்ந்த வைன்லேண்டுக்கு 2012இல் கிடைத்தது. அந்த ஊரின் உயரம் ஏறத்தாழ 1,650 மீட்டர். அதனால் அங்கே உள்ள கடிகாரம், கடல்மட்டத்தில் உள்ள கடிகாரத்தைவிட ஆண்டுக்கு 5 மைக்ரோவினாடிக்குச் சற்றுக் கூடுதலாக முந்தி ஓடும். என் வேலையில் அந்த உயரத்தையே கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு முறை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் போகப்போவது நான் மட்டும் அல்ல. நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். மனைவி, என்னைச் சார்ந்த எச்-4 விசாவுக்கான வேலை அனுமதியில் மருத்துவமனைத் தரவுப் பிரிவில் வேலை செய்கிறார். மகளுக்கு ஏழு வயது. இளைப்பு உண்டு, இன்ஹேலர் எப்போதும் பையில் இருக்கும். ஊரிலிருந்து அம்மா கோடைகாலத்தில் வந்து தங்குவார். அவருக்கு இரத்த அழுத்தம். எல்லோரும் கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகியவர்கள்.

சம்பளக் கணக்கை நானே போட்டுக்கொள்வேன். அங்கே வாழ்கிறவர்களிடம் நான் கேட்க விரும்புவது, எங்கே குடியிருப்பது, எதற்கு முன்கூட்டியே தயாராக இருப்பது என்பதைத்தான்.

செம்பருத்தி:

வாழ்த்துகள். போல்டருக்குக் கிழக்கே லூயிவில்லில் குடியிருக்கிறேன். வானிலைத் தரவு மென்பொருளில் வேலை. என் ஆலோசனை இதுதான்: மலை தெரியும் ஜன்னலைத் தேடாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து வீடு தேடுங்கள்.

குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று மலைத்தொடரைத் தாண்டி இந்தப் பக்கச் சரிவில் இறங்கும்போது வேகமும் வெப்பமும் பெறுகிறது. சினூக் என்பார்கள். மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிய வீச்சுகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. ஹூஸ்டனில் புயல் வருகிறது என்றால் சில நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடும், வண்டியில் ஏறிக் கிளம்பலாம். இங்கே காற்றோடு தீ சேர்ந்தால் கிடைக்கும் நேரம் சில மணி, சில தெருக்களுக்குச் சில நிமிடம்.

2021 டிசம்பர் 30 அன்று அதை நேரில் பார்த்தேன். மார்ஷல் தீ என்று தேடினால் படங்கள் கிடைக்கும். எரிந்தது அடர்ந்த காடு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். காய்ந்த புல்வெளியில் பிடித்த நெருப்பு, காற்றோடு ஓடிவந்து சுப்பீரியரிலும் லூயிவில்லிலும் வரிசை வீடுகளுக்குள் புகுந்தது. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. எங்கள் வீடு தப்பியது. இரண்டு தெரு தள்ளி இருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மறுநாள் பனி பெய்தது. ஒரு நாள் முன்னதாகப் பெய்திருக்கக் கூடாதா என்று இன்றும் பேசிக்கொள்கிறோம்.

பிறகு வந்த துயரம் காப்பீடு. பலருடைய பாலிசித் தொகை வீட்டைத் திரும்பக் கட்டப் போதவில்லை. ஆகவே வீடு வாங்குவதென்றால், விலை பேசுவதற்கு முன்பே அந்த முகவரிக்குக் காப்பீடு கிடைக்குமா, என்ன பிரீமியம் என்று கேட்டுவிடுங்கள். சந்தை விலையை விடுங்கள். இன்றைய கூலியிலும் பொருள் விலையிலும் மறுபடி கட்ட ஆகும் செலவுக்குக் காப்பீடு இருக்க வேண்டும். வேறு இடத்தில் தங்கும் வாடகையை எத்தனை மாதம் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாடகை வீடானாலும் உங்கள் பொருட்களுக்குக் காப்பீடு எடுங்கள். ஒவ்வோர் அறையையும் அலமாரியைத் திறந்து காட்டிக் காணொளி எடுத்து, வீட்டுக்கு வெளியே எங்காவது சேமித்து வையுங்கள். ஒரு மாலை வேலைதான். அந்த ஒரு காணொளி என் தோழிக்கு எவ்வளவு உதவியது என்று எனக்குத் தெரியும்.

காற்று கடுமையாக இருக்கும் என்று தெரிந்தால் இப்போதெல்லாம் முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். 2024 ஏப்ரலில் அப்படி நிறுத்தினார்கள். வீட்டிலிருந்து வேலை செய்வதாக இருந்தால் இணைய ரவுட்டருக்காவது ஒரு மின்கலம் வைத்திருங்கள்.

போல்டர் நகருக்குள் வீடு கிடைப்பது ஏன் இவ்வளவு கடினம் என்று கேட்பீர்கள். அது அவர்களாகத் தேர்ந்தெடுத்தது. மலைச் சரிவில் ஒரு கோட்டுக்கு மேலே நகரக் குடிநீர் கிடையாது என்று 1959இல் வாக்களித்தார்கள். திறந்தவெளி நிலங்களை வாங்கிக் காப்பதற்காகத் தங்கள் மேலேயே விற்பனை வரி விதித்துக்கொள்ள 1967இல் வாக்களித்தார்கள். கட்டட உயரத்துக்கு 55 அடி வரம்பு 1971இல் வந்தது. மலை இன்றும் எல்லோருக்கும் தெரிகிறது என்றால் அதனால்தான். எனக்கு அந்த மக்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதியினர் வெளியூர்களிலிருந்துதான் வந்து போகிறார்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் லாஃபயெட் அல்லது லாங்மான்டில் ஓராண்டு வாடகைக்கு இருப்பேன். ஒரு குளிர்காலம் போகட்டும். லாங்மான்டில் நகராட்சியே கண்ணாடியிழை இணையம் தருகிறது, நன்றாக இருக்கிறது. மலைச் சரிவிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால் காற்றின் உக்கிரமும் குறைவு.

நிலவறை உள்ள வீடு என்றால் ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் அளவைக் கேளுங்கள். இந்த மண்ணில் அந்த வாயு அதிகம். வாங்குபவருக்கும் வாடகைக்கு வருபவருக்கும் அந்த விவரத்தைச் சொல்லியாக வேண்டும் என்று கொலராடோவில் 2023இல் சட்டம் வந்துவிட்டது.

டென்வர் மாறன்:

விசா பக்கத்தை நான் சொல்கிறேன்.

எச்-1பியில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதனால் சிறிய ஊருக்குப் போகும்போது நான் முதலில் பார்ப்பது, அங்கே என்னை வேலைக்கு எடுக்கக்கூடிய இரண்டாவது, மூன்றாவது நிறுவனம் இருக்கிறதா என்பதை. பனிச்சறுக்கு ஊர் ஒன்றில் ஒரே நிறுவனத்தை நம்பிப் போவதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். உங்கள் விஷயம் அப்படி இல்லை. குவாண்டம் கணினி செய்யும் குவாண்டினுவம் பக்கத்து ஊரான ப்ரூம்ஃபீல்டில் இருக்கிறது, இன்ஃப்ளெக்ஷன் இந்தப் பகுதி நிறுவனம், பல்கலைக்கழகமும் அளவீட்டு ஆய்வகமும் சேர்ந்து 1962இல் தொடங்கிய ஜைலா ஆய்வு நிலையம் இருக்கிறது. உங்கள் துறையில் இத்தனை வாசல்கள் அருகருகே இருக்கும் ஊர்கள் உலகத்திலேயே சில தான்.

ஆனால் ஒன்றைத் தயங்காமல் கேளுங்கள்: நிறுவனத்தின் வருமானத்தில் எவ்வளவு அரசு ஆய்வு நிதியிலிருந்து வருகிறது? இங்கே பலருக்கும் நிதியின் ஊற்று ஒன்றுதான். அது வற்றினால் எல்லா வாசலும் ஒரே வாரத்தில் மூடிக்கொள்ளலாம். முதலீட்டாளர் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நல்ல நிறுவனம் கோபித்துக்கொள்ளாது.

அடுத்தது, எச்-1பி மனு எந்த வேலை இடத்துக்குத் தாக்கலாகிறதோ அந்தப் பெருநகரப் பகுதிக்கே பொருந்தும். புள்ளிவிவரக் கணக்கில் போல்டர் கவுண்டி ஒரு பெருநகரப் பகுதி, டென்வர் இன்னொன்று. லாங்மான்ட், லாஃபயெட், லூயிவில் மூன்றும் போல்டர் கவுண்டிக்குள் வருபவை. லாங்மான்டின் ஒரு சிறு பகுதி மட்டும் எல்லைக்கு அப்பால். ப்ரூம்ஃபீல்ட் டென்வர் பக்கம். எங்கே தூங்குகிறீர்கள் என்பதில் பிரச்சினை இல்லை. வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை என்றால் மட்டும், வீட்டு முகவரியை நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் முன்பே சொல்லி அவர் எழுத்தில் சரி என்று சொன்ன பிறகு குத்தகையில் கையெழுத்திடுங்கள்.

பச்சை அட்டை நடைமுறையைப் புது நிறுவனம் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும்; ஐ-140 என்ற பச்சை அட்டை மனு ஒப்புதலாகியிருந்தால், வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் பழைய முன்னுரிமைத் தேதி உங்களோடு வரும். மனைவியின் வேலை அனுமதி அந்த ஐ-140ஐச் சார்ந்தது. ஒப்புதலாகி 180 நாள் கடந்துவிட்டதா என்று பாருங்கள். கடந்திருந்தால், பழைய நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டாலும் அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒப்புதல் ரத்தாகாது.

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, கொலராடோவில் 4.4 சதவீதம் அளவில் உண்டு. வேலை அறிவிப்பில் சம்பள வரம்பைப் போட வேண்டும் என்று 2021 முதல் அங்கே சட்டம் இருப்பதால், மற்ற நிறுவனங்கள் என்ன தருகின்றன என்று வீட்டிலிருந்தே ஒப்பிடலாம்.

வைகைக்கரை:

அக்கா, மாறன், இருவருக்கும் மிக்க நன்றி. ஐ-140 ஒப்புதலாகி இரண்டு ஆண்டு ஆகிறது, அந்தக் கவலை தீர்ந்தது. காப்பீட்டைப் பற்றி வேறு யாரும் எனக்குச் சொல்லவே இல்லை.

இரண்டு சந்தேகங்கள். அலுவலகத்தில் ஒருவர், மேலே நெதர்லாண்ட் என்ற மலைக் கிராமத்தில் வீடு பார்க்கச் சொல்கிறார். அமைதியான இடம், காடு என்கிறார். இன்னொன்று, மகளுக்கும் அம்மாவுக்கும் உயரம் ஒத்துக்கொள்ளுமா?

தேவதாரு:

நெதர்லாண்டில் குடியிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த ஊர் ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலைகளைப் பார்த்ததில்லை. செம்பருத்தி சொல்வதில் இந்த ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை: மலைக்காக வருகிறவர் மலையைப் பார்த்து வீடு தேடுவதில் தவறு கிடையாது. எத்தனையோ பேர் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு அதற்காகத்தான் வருகிறார்கள்.

ஆனால் மகளின் இளைப்பைச் சொன்னீர்களே, அதனால் வேண்டாம் என்கிறேன். போல்டருக்கு இறங்கும் நேர்வழி பள்ளத்தாக்குச் சாலைதான். பாறை சரிந்தாலோ, பனியில் ஒரு லாரி குறுக்கே நின்றாலோ, சுற்றிக்கொண்டு வேறு வழியில் போக வேண்டும். 2013 செப்டம்பரில் ஓராண்டு மழையில் பெரும்பகுதி சில நாட்களில் கொட்டியபோது இந்த மலைச் சாலைகள் பல அறுந்தே போயின. லயன்ஸ், எஸ்டெஸ் பார்க் பக்கத்து மக்களை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் பெரிய மருத்துவமனை கீழே இருக்கிறது, நடுவில் அந்தச் சாலை இருக்கிறது. எங்களுக்குக் குழந்தை பிறந்ததும் நாங்கள் இறங்கி வந்தது அதனால்தான். லாங்மான்டிலிருந்து சனிக்கிழமைதோறும் மேலே போய்வரலாம். மகள் வளர்ந்த பிறகு வேண்டுமானால் ஏறுங்கள்.

வண்டிக்கு நல்ல குளிர்கால டயர் போடுங்கள். ஐ-70 நெடுஞ்சாலையின் மலைப் பகுதியில் செப்டம்பர் முதல் மே வரை அதற்குரிய டயர் அல்லது சங்கிலி வண்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

செம்பருத்தி:

தேவதாரு சொன்னதை ஏற்கிறேன். குழந்தை இல்லாத நாட்களில் நானும் அங்கே வாடகை கேட்டுப் பார்த்தவள்தான்.

உயரத்தைப் பற்றி: 1,650 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 82 சதவீதம். முதல் சில நாட்கள் மாடி ஏறினால் மூச்சு வாங்கும், தூக்கம் கலையும், உதடு வெடிக்கும். மலைநோய் என்று சொல்லப்படுவது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலே வருவது. அம்மா வந்து இறங்கியதும் இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே இருக்கட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். ஆசையாக இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் டிரெய்ல் ரிட்ஜ் சாலைக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். அது 3,700 மீட்டரைத் தொடுகிறது. கிளம்புவதற்கு முன் ஊரிலேயே மருத்துவரிடம் இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிப் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள்.

மகளைப் பொறுத்தவரை உயரத்தைவிட ஓசோனும் புகையும்தான் எனக்குக் கவலை. டென்வரிலிருந்து வடக்கே நீளும் இந்தப் பகுதியின் ஓசோன் நிலையை 2022இல் மத்தியச் சுற்றுச்சூழல் முகமை "கடுமை" என்ற பிரிவுக்கு மாற்றியது. கோடை மதியங்களில்தான் அது ஏறும். ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஓடி விளையாடுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையறையில் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா காற்று வடிகட்டி ஒன்று வையுங்கள். எங்கோ ஒரு மாநிலத்தில் காடு எரிந்தாலும் புகை இங்கே வந்து சேரும். வந்த முதல் மாதமே குழந்தைகளுக்கான நுரையீரல் மருத்துவரிடம் பெயர் பதிந்துவிடுங்கள், காத்திருப்பு நீளம். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: ஹூஸ்டன் ஈரத்தில் செழிக்கும் பூஞ்சையும் தூசிப் பூச்சியும் இந்த வறட்சியில் குறைவு. அவளுக்கு இளைப்பைத் தூண்டுவது எது என்று பரிசோதனையில் தெரிந்திருந்தால், அதை வைத்தே நீங்கள் பாதி முடிவு எடுக்கலாம்.

வைகைக்கரை:

தூசிப் பூச்சி என்றுதான் பரிசோதனையில் வந்தது! மனைவியிடம் உடனே காட்டினேன். நெதர்லாண்டை விட்டுவிட்டோம். நிறுவனத்திடம் நிதி பற்றிக் கேட்டு எழுதிவிட்டேன். இடமாற்றத் தொகை தருகிறார்கள், ஈராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமாம். கையெழுத்திடுவதற்கு முன் குடும்பத்தோடு ஒரு முறை வந்து பார்க்கவும் சம்மதித்திருக்கிறார்கள். எப்போது வந்தால் நல்லது?

டென்வர் மாறன்:

அந்தத் திருப்பித் தரும் விதி, அவர்களே உங்களை வேலையிலிருந்து நீக்கினால் பொருந்தாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். 2018 முதல் இடமாற்றத் தொகைக்கு வருமான வரி உண்டு. அதையும் அவர்களே ஏற்பார்களா என்று இப்போதே கேளுங்கள். கையெழுத்திட்ட பிறகு கேட்டால் கிடைக்காது.

செம்பருத்தி:

முடிந்தால் பிப்ரவரியில் வாருங்கள். கோடையில் வந்தால் எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கும். காலை எட்டு மணிக்கு லாங்மான்டிலிருந்து 119ஆம் சாலையில் அலுவலகம் வரை நீங்களே ஓட்டிப் பாருங்கள், மாலை ஐந்து மணிக்குத் திரும்பிப் பாருங்கள். மறுநாள் அதையே லாஃபயெட்டிலிருந்து செய்யுங்கள். மனைவி வேலைக்குப் போகக்கூடிய மருத்துவமனைகளையும் அன்றே பார்த்துவிடலாம். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், மகளுக்குக் குளிர்கால மேலாடை என்னிடம் இருக்கிறது. ஒரு வாரத்துக்காக நீங்கள் புதிதாக வாங்க வேண்டாம்.