கினி பிக் காய்ந்த புல் தின்ன மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கினி பிக் (முயல் மாதிரி வீட்டில் வளர்க்கும் சின்னப் பிராணி) வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். எங்கள் வீட்டுக் குட்டிம்மாவுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. கொத்தமல்லித்தழையைக் கையில் எடுத்தாலே கீச்கீச்சென்று கத்திக்கொண்டு ஓடி வருவாள். காய்ந்த புல்லை வைத்தால் மோந்து பார்த்துவிட்டு, அதன் மேலேயே ஏறிப் படுத்துக்கொள்கிறாள்.

இதற்குப் பல் ஆயுசுக்கும் வளரும். புல்லை மென்று தேய்க்காவிட்டால் பல் நீண்டு, எதையுமே தின்ன முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. குடலும் நார்ச்சத்து இல்லாமல் ஒழுங்காக வேலை செய்யாது.

வைட்டமின் சி நம்மைப் போலவே அதன் உடம்பிலும் தானாக உண்டாகாது. அதற்காகத் தினமும் குடைமிளகாய் தருகிறேன், இங்கே அதற்குப் பஞ்சமில்லை. அதிலும் சிவப்பு மட்டும்தான் இறங்குகிறது, பச்சையை அப்படியே ஒதுக்கிவிடுகிறாள்.

குதிரைமசால் என்ற தீவனப் பயிரைக் கொடுக்கச் சொன்னார்கள். அதில் கால்சியம் அதிகம், வளர்ந்த பிறகு கொடுத்தால் சிறுநீர்க்கல் வரலாம் என்பதால் எனக்கு மனசு வரவில்லை.

அருகம்புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்த புல்லோடு கலந்து பழக்கியவர்கள் இருக்கிறீர்களா? மருந்தடிக்காத புல் எங்கே கிடைக்கும்? அப்புறம், முயல், கினி பிக் பல்லைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் தருமபுரியில் இருந்தாலும் சரி, சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன்.